‘நான் தவறாக இல்லை என்றால்…’

“நான் தவறாக இல்லை என்றால், பத்துமலையில் 272 படிகள் உள்ளன.” படிவம் நான்கு, ஐந்து மாணவர்களின் கட்டுரைகளில் இப்படிப்பட்ட வாக்கியம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ‘இஃப் ஐம் நாட் மிஸ்டேக்கன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது இது. தினமும் காதில் விழும் மலாய் ‘கலாவ் தாக் சிலாப்’பும் கைகொடுத்திருக்கும்.

இலக்கணப்படி பெரிய பிழை சொல்ல முடியாது. பொருள்தான் இடறுகிறது. ‘நான் தவறாக இல்லை’ என்றால் தமிழில் முதலில் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாகத்தான் படும். சிலர் ‘நான் தவறு செய்யவில்லை என்றால்’ என்றே எழுதுகிறார்கள். குற்றவாளிக் கூண்டே கண்முன் வந்துவிடும்! படிகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்த ஆங்கிலத் தொடர், ஐயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். தமிழோ அந்த ஐயம் எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டும். ஏறிப் பார்த்து மறந்தவர் ‘272 படிகள் என்று நினைவு’ என்பார். பிறர் சொல்லக் கேட்டவருக்கு ‘272 படிகளாம்’ போதும். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கணிப்பவர் ‘ஒரு முந்நூறு படி இருக்கும்’ என்பார். (அந்த ‘இருக்கும்’ எதிர்காலத்தைக் காட்டவில்லை, கவனித்தீர்களா?) இறங்கி வருகிறவர்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்தவர், ‘நிறையப் படிகள் போலிருக்கிறது’ என்பார். மாணவர்களே, இவற்றில் எது உங்கள் நிலையோ அதை எழுதுங்கள்.

‘லாம்’ மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். ‘அவர் வரலாம்’ என்பது அனுமதியாகவும் படும், ஐயமாகவும் படும். ‘வரக்கூடும்’ என்றால் அந்தக் குழப்பமில்லை.

ஐயத்துக்கென்றே ‘கொல்’ என்ற இடைச்சொல்லை வைத்திருந்த மொழி இது. தொல்காப்பியம் இடையியலில் அதைச் சொல்கிறது. காமத்துப்பாலின் முதல் குறளிலேயே தலைவன் அந்தக் ‘கொல்’லை மூன்று முறை சொல்லித் தடுமாறுகிறான். தேர்வுத் தாளில் ‘கொல்’ எழுதச் சொல்லவில்லை, பயப்படாதீங்க.

ஆங்கில வழி வந்ததெல்லாம் ஆகாது என்பது என் கட்சியல்ல. ‘நூறு விழுக்காடு உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பது பொருள் சிதையாமல் தமிழில் உட்கார்ந்துவிட்டது. ஆசிரியர்களே, அதற்குச் சிவப்பு மை வேண்டாம். ‘நான் தவறாக இல்லை என்றால்’ வரும் இடத்தில் வட்டமிட்டு, பக்கத்தில் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.