பந்தியும் ஸ்டாஃப் ரூமும்

நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கை 2024 ஜூனில் அரசிடம் வந்தபோது, நம்ம ஊர் டீக்கடைப் பேச்சும் டிவி விவாதமும் கயிறு, பொட்டு இரண்டிலேயே சுற்றி முடிந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதன் பிறகு அமைக்கப்பட்ட குழு அது. அறிக்கை அறுநூறு பக்கங்களுக்கு மேல். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது கயிறு அல்ல, ஆசிரியர்களைப் பற்றிய பகுதிதான்.

அந்தப் பகுதி சொல்வது சுருக்கமாக இது. ஒரு பகுதியில் எந்தச் சாதி பெரும்பான்மையோ, அந்தச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராகப் போடக்கூடாது. ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். பயிற்சி கொடுக்க வேண்டும். 500 மாணவர்களுக்கு மேல் இருக்கும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும். எல்லாம் நியாயமான யோசனைகள்தான். தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இவை தேவையில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ஆசிரியர் தனி ஆளாகத்தான் வருகிறார். சந்தேகத்துக்குரியவராக, மாற்றப்பட வேண்டியவராக, பயிற்றப்பட வேண்டியவராக. ஒரு நிறுவனத்தின் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒன்றாக உட்கார்ந்து ‘நம்ம இடத்தில் என்ன நடக்கிறது’ என்று பார்த்து, ஒன்றாகப் பொறுப்பெடுக்கும் வேலைக்கு இந்த யோசனைகளில் இடமில்லை. சாதி பார்க்கும் ஆசிரியர் ஒருவரைப் புளியங்குடியிலிருந்து கடையநல்லூருக்கு மாற்றினால், புளியங்குடிக்கு நல்லது. கடையநல்லூருக்கு?

இந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்திலேயே நூறு வருஷத்துக்கு முந்தைய பாடம் ஒன்று இருக்கிறது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி பாசஞ்சரில் போனால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டி வரும் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 5000 ரூபாய் கொடுத்தது. தேசியக் கல்வி கொடுக்கும் அந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடப்பது வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். விஷயம் காந்தி வரை போனது.

ஐயர் தரப்புச் சமாதானத்தை இன்றைக்குப் படித்தாலும் நமக்குப் பழக்கமானதாகவே இருக்கிறது. தனியாகச் சாப்பிடுவது இரண்டு பையன்கள்தான், அவர்கள் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. காந்தியும் அந்த வாக்கை மதித்து, இனிமேல் இப்படிச் சேர்க்க வேண்டாம் என்ற அளவில் சமரசம் சொன்னார். 1925இல் காங்கிரஸ் கமிட்டி, தேசிய நிறுவனங்களில் பிறப்பை வைத்து ஏற்றத்தாழ்வு கூடாது என்று தீர்மானம் போட்டது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூனிலேயே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் மறைந்தார். பெரியார் அந்த வருஷ முடிவில் காங்கிரஸை விட்டே வெளியேறினார்.

இந்த வரலாற்றைப் பெரியார் பக்கம் நின்று எழுதுவார்கள், இல்லை ஐயர் பக்கம் நின்று எழுதுவார்கள். நான் பார்ப்பது வேறு ஒன்றை. தனிப்பந்தியை ‘என் முடிவு’ என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பெற்றோர் மேல் போய் நின்றது அது. 2022 செப்டம்பரில் நம்ம தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் தர மறுத்த கடைக்காரர், அந்த வீடியோவில், ஊர்க் கட்டுப்பாடு என்றுதான் சொல்கிறார். இங்கே ஊர், அங்கே பெற்றோர். கல்லூரிகளில் இதுவே ‘மேனேஜ்மென்ட் விரும்பாது’, ‘பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க’ என்று வரும். பாகுபாடு எப்போதும் அங்கே இல்லாத ஒருவர் பெயரில்தான் நடக்கிறது. தனி ஆளைப் பிடித்துக் கேட்டால் அவரிடம் இந்தப் பதில் தயாராக இருக்கும். ஸ்டாஃப் மொத்தமும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட முடிவு ஒன்று இருந்தால் இந்தப் பதிலுக்கு இடம் கிடையாது.

உயர்கல்விக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிமுறைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்பு மையம், பாகுபாடு தடுப்பு அலுவலர் இரண்டையும் கேட்கின்றன. மெஸ்ஸிலும் விடுதியிலும் மாணவர்களைப் பிரித்து வைப்பதும் அதில் குற்றம். சேரன்மாதேவிக்கு 87 வருஷம் கழித்தும் பந்தியைப் பற்றி விதி எழுத வேண்டியிருந்திருக்கிறது! ரோஹித் வெமுலா 2016இலும் பாயல் தட்வி 2019இலும் இறந்தபோது இந்த விதிகள் அமலில்தான் இருந்தன. அவற்றை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்லி அந்த இரண்டு தாய்களும் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2026 ஜனவரி 13இல் புதிய விதிமுறைகள் வந்தன. 29ஆம் தேதியே நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, இப்போதைக்கு 2012 விதிகளே தொடரட்டும் என்றது.

இந்த 2012 விதிகளுக்கு அடிப்படை ஒன்றுதான்: புகார் வரட்டும், பார்ப்போம். மென்பொருள் வேலையில் இதை ‘கஸ்டமர் கத்தினால் பார்த்துக்கலாம்’ என்போம். நல்ல டீம் அப்படி இருக்காது, தானே லாக் எடுத்துப் பார்க்கும். அதிலும், இன்டெர்னல் மார்க் யார் கையில் இருக்கிறதோ அவர் மேல் ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரிப் பிள்ளை எப்படிப் புகார் எழுதும்?

வெளியே வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் கொலையை விசாரித்த மெக்பெர்சன் அறிக்கை 1999இல் ‘நிறுவனமயமான இனவெறி’ என்பதைப் பொதுப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. பிறகு 2016இல் பல்கலைக்கழகங்களுக்கென்று இனச் சமத்துவச் சாசனம் ஒன்று தொடங்கியது. சேரும் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அலுவலர் எல்லோரும் இருக்கும் சுயமதிப்பீட்டுக் குழு அமைய வேண்டும். யார் சேர்கிறார்கள், யார் நின்றுவிடுகிறார்கள், யாருக்குப் பதவி உயர்வு என்று எண்ண வேண்டும், கருத்துக் கணிப்பு எடுக்க வேண்டும், திட்டம் எழுத வேண்டும். இதற்கு வெண்கலம், வெள்ளி என்று விருதும் உண்டு. விருது வந்ததும் வேலை முடிந்தது என்ற நினைப்பு வருகிறது, குழுவின் சுமை கடைசியில் கறுப்பின ஊழியர் தலையிலேயே விழுகிறது என்ற குறைகளை அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். அவை நியாயம்தான். ஆனாலும் புகாருக்காகக் காத்திராமல் எண்ணத் தொடங்குவது, எண்ணுவதை ஊழியர்களே செய்வது என்ற இரண்டும் நம் 2012 விதிகளில் இல்லாதவை.

நமக்கு இன்னும் நெருக்கமானது கலிஃபோர்னியா. அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் பாகுபாட்டுக்கு எதிரான தன் கொள்கையில் ‘இனம்’ என்பதன் விளக்கத்துக்குள் சாதியையும் சேர்த்தது. முதலில் மாணவர்கள் கேட்டார்கள். ஆசிரியர் சங்கம் நிர்வாகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் அதைக் கேட்டு வாங்கியது. சம்பளப் பேச்சு நடக்கும் அதே மேசையில் சாதியும்! இந்திய வம்சாவளிப் பேராசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள், இரண்டு பேர் வழக்குக்கும் போனார்கள், வழக்கு நிற்கவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதில்லை. எதிர்ப்பவர்கள் பெயரோடு எதிர்க்க வேண்டிய நிலைமை வந்ததே பெரிய மாற்றம். பிரிட்டனில் சாதியைச் சட்டத்தில் சேர்க்க 2013இல் நாடாளுமன்றமே சொல்லியும், 2018இல் அரசு பின்வாங்கிவிட்டது.

நம்ம ஊர் கல்லூரி ஆசிரியர் சங்கங்கள் போராடத் தெரியாதவை அல்ல. பென்ஷனுக்கும் பணிமேம்பாட்டுக்கும் எத்தனையோ தர்ணா பார்த்திருக்கிறோம். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இதுவும் ஒரு வரியாக ஏன் வரக்கூடாது?

குற்றாலத்தில் கோயில் நிர்வாகத்தில் நடக்கும் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. மாவட்டம் முழுக்க சுயநிதிக் கல்லூரிகள் இருக்கின்றன. சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டையும் தெருவையும் தாண்டிய முதல் பொது இடம் அதுதான். அங்கெல்லாம் வருஷம் ஒருமுறை, செமஸ்டர் முடிந்ததும், ஆசிரியரும் அலுவலரும் லேப் உதவியாளரும் சேர்ந்து சில விஷயங்களை எண்ணலாம். இரண்டாம் வருஷம் வராமல் நின்றவர்கள் யார், விடுதி அறைகள் எப்படிப் பிரிந்தன, இன்டெர்னல் மார்க்குக்கும் எக்ஸ்டெர்னல் மார்க்குக்கும் இடைவெளி யாருக்கு அதிகம், விழா மேடையில் ஏறுவது யார், நாற்காலி தூக்குவது யார். இதற்கு அரசாணை வேண்டாம். ஒரு எக்செல் ஷீட் போதும். ஆனால் எண்ணி முடித்ததை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். அதற்குத்தான் தைரியம் வேண்டும். ஒருவர் தனியாகச் செய்தால் அவருக்கு டிரான்ஸ்ஃபர் வரும், முப்பது பேர் சேர்ந்து செய்தால் அது அந்தக் கல்லூரியின் வழக்கமாகிவிடும்.

சந்துரு அறிக்கை அரசுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறது. அரசு செய்யாததைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் சேரன்மாதேவியில் மேலே போட்ட தீர்மானம் ஐயரை வெளியேற்றியதே தவிர, அந்தப் பந்தியில் பரிமாறியவர்களை யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. அடுத்த அறிக்கை எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.