சீட்டித்துணியும் பழஞ்சேலையும்

பழைய சீட்டித்துணிப் பூக்களைப் பார்த்து ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் 'பாட்டிமார் காலத்து அழகு' என்கிறார்கள். யாருடைய பாட்டி? அந்தப் பூக்களில் பல, சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பேறியவை. 1719-இல் லண்டன் நெசவாளர்கள் இத்துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்துக் கிழித்தார்கள்; 1721-இல் சட்டமே தடை போட்டது. பிழைப்பு போன கோபம்தான், விழுந்தது என்னவோ பெண்ணுடம்பில். 'அழகு' என்றதும் இதெல்லாம் மறைந்துவிடுகிறது.

2010-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முந்நூறு ஆண்டுப் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது. பெட்டியில் பூட்டிக் காக்க முடிந்த வீட்டுப் போர்வைதான் பெரும்பாலும் பழம்பொருளாகிறது. பாகாயத்தில் எங்கள் ஆயா கிழிந்த சேலைகளை நாலடுக்காக்கித் தைத்ததோ, பிள்ளைகளின் மூத்திர வாடை போகத் துவைத்துத் துவைத்தே நைந்துபோனது. கடைசியில் அடுப்படிக் கரித்துணி.