ரேகையும் மனந்திரும்புதலும்: குற்றப்பரம்பரைச் சட்டமும் ஜார்ஜ் ஜோசப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மனந்திரும்புதல், இறையிரக்கம் ஆகிய கிறித்தவக் கருத்தாக்கங்கள் பொதுவாழ்வுக்குள் நுழையும்போது, திரும்ப வேண்டியவர் யார், இரங்க வேண்டியவர் யார் என்னும் வினா எழுகிறது. மதுரை, தேனி வட்டாரத்தில் நடைமுறைப்படுத்தப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தின் சொல்லாடலையும், அச்சட்டத்தை எதிர்த்து வாதாடிய கிறித்தவரான ஜார்ஜ் ஜோசப்பின் பொதுவாழ்வையும் முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மனந்திரும்புதல், இரக்கம், குற்றப்பரம்பரைச் சட்டம், பெருங்காமநல்லூர், ஜார்ஜ் ஜோசப், வைக்கம், கம்பம் பள்ளத்தாக்கு

அரசன் இறங்கும் இடம்

தேனிக்குத் தெற்கே முல்லையாற்றங்கரையில் அமைந்த வீரபாண்டிக்கு ஒரு தல வரலாறு உண்டு. பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இவ்வாற்றங்கரையில் தவமிருந்து, கௌமாரியம்மனின் அருளாலும் கண்ணீசுவரமுடையாரின் அருளாலும் கண்ணொளி பெற்றான் என்பது அது. சித்திரைத் திருவிழாவில் கம்பத்திற்கு ஆற்றுநீர் வார்ப்பவர்களும் தீச்சட்டி ஏந்துபவர்களும் அந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே தம் நேர்த்திக்கடனைச் செலுத்துகின்றனர். இக்கதையில் கருதத்தக்கது ஒன்றுண்டு. இரக்கம் வேண்டி மண்ணில் அமர்பவன் அரசன். அவனுக்காகக் குடிகள் தவமிருக்கவில்லை.

விவிலியத்தின் யோனா நூலும் ஏறத்தாழ இதே அமைப்பை உடையது. நினிவே நகரின் அழிவு அறிவிக்கப்பட்டதும் அதன் அரசன் அரியணையை விட்டு எழுந்து, அரச உடையைக் களைந்து, சாம்பலில் உட்காருகிறான். நகரமும் கால்நடைகளும் உண்ணாநோன்பு இருக்க வேண்டுமென்னும் கட்டளை அதன் பின்னரே பிறக்கிறது. இந்த வரிசை தற்செயலானதன்று. தாவீதிடம் நாத்தான் உரைத்த ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையிலும் இதுவே நிகழ்கிறது. பிறன் குற்றத்திற்குத் தீர்ப்பளிப்பதாக எண்ணிச் சினந்த அரசன், அத்தீர்ப்பு தனக்கே உரியதென்பதைக் கதை முடிந்த பின்னரே உணர்கிறான்.

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் மனந்திரும்புதலை மிகுதியும் தனியுயிரின் பயணமாகவே பாடியிருக்கிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) இப்போக்கின் உச்சம். ஜான் பனியனைத் தழுவிய அக்காப்பியத்தில் பாவச்சுமை சுமந்தவன் அழிவுக்குரிய நகரை விட்டு வெளியேறுகிறான். சிலுவையடியில் சுமை இறங்குகிறது. நகரமோ அழிவுக்கே விடப்படுகிறது. நினிவேயில் நகரமே திரும்புகிறது. யாத்திரிகத்தில் நகரை விட்டு ஒருவன் மட்டும் திரும்புகிறான். காப்பியத்தின் பக்திச் சுவையை இது குறைப்பதில்லை. ஆயினும் ஒரு நாடு, ஓர் அரசு, ஒரு திருச்சபை தன் குற்றத்தை எவ்வாறு ஒப்புக்கொள்ளும் என்பதைப் பேசுவதற்கான மொழியைத் தமிழ்க் கிறித்தவம் யாத்திரிகத்திலிருந்து பெற இயலாது.

பிறப்பில் எழுதிய பாவம்

அந்த மொழி தேவைப்பட்ட காலம் இவ்வட்டாரத்திற்கு விரைவிலேயே வந்தது. 1871இல் வடஇந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இன் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்திலும் செயற்பட்டது. மதுரைப் பகுதியில் சில ஊர்களில் தொடங்கி, 1918 அளவில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதன்மீதும் அது விரிந்தது. அன்றைய மதுரை மாவட்டம் இன்றைய தேனி மாவட்டத்தையும் உள்ளடக்கியது. மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றனர். சட்டத்தின் முழுப்பெயரைவிட அதன் சாரத்தைச் சொல்வது இப்பெயரே. வயது வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலரின் கண்காணிப்பில் உறங்க வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்ல ராதாரிச் சீட்டு பெற வேண்டும். களவு செய்தவனுக்கும் உழுது பிழைத்தவனுக்கும் விதி ஒன்றே.

இச்சட்டத்தின் ஆழத்தில் ஒரு சமயக் கருத்து திரிந்து கிடக்கிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் ‘ஜென்மபாவம்’ எனப்படும் கோட்பாடு, மனிதன் பிறப்பிலேயே பாவத்தின் நிழலில் உள்ளான் என்கிறது. ஆனால், அக்கோட்பாட்டில் விலக்குப் பெற்ற மனிதக் கூட்டம் எதுவுமில்லை. நீதிபதியும் ஆயரும் அரசனும் அதற்கு உட்பட்டவர்களே. ஆகவேதான் இரக்கமும் எல்லோருக்கும் பொதுவாகிறது. குற்றப்பரம்பரைச் சட்டம் இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பிறப்பால் குற்றம் என்பதை வைத்துக்கொண்டு, அது எல்லோருக்கும் பொது என்பதைக் கழித்துவிட்டது. விளைவு, சிலர் பிறவிப் பாவிகள், சிலர் பிறவி நீதிமான்கள். பிறப்பே குற்றமானால் திரும்புவதற்கு வழி ஏது? மனந்திரும்புதல் என்னும் சொல்லின் அடியிலுள்ள ‘திரும்பு’ என்னும் வினைக்கே அங்கு இடமில்லை.

ஆயினும் ‘திருத்தம்’ பேசப்பட்டது. பிற பகுதிகளில் இச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியிருப்புகள் சிலவற்றை நடத்தும் பொறுப்பை அரசு இரட்சணிய சேனையிடம் ஒப்படைத்தது. ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் அறியப்பட்ட ஒன்று. அவ்வமைப்பின் இந்தியத் தலைவர் பூத் டக்கர் குற்றத்தை நோயாகவும் தம் பணியை மருத்துவமாகவும் கண்டு எழுதினார். அங்கு உழைத்த ஊழியர் பலரிடம் உண்மையான பரிவு இருந்திருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், காவலரின் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிக்கப்படும் நற்செய்தி, கேட்பவனின் மனத்தை எட்டுமுன் அவன் விரல் நுனியை எட்டிவிடுகிறது. கள்ளர் நாட்டில் சீரமைப்புப் பணி அரசின் நேரடிப் பொறுப்பில் பஞ்சாயத்து, கூட்டுறவுச் சங்கம், பள்ளி என்னும் வடிவங்களில் நிகழ்ந்தது. நன்னடத்தை உடையவர் என்று கருதப்பட்டவருக்குப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இங்கு இரக்கம் என்பது கூலி.

லூக்கா நற்செய்தியின் சக்கேயு நிகழ்வோடு இதனை ஒப்பிடுவது தகும். வரி வசூலிப்பவனான அவன் வாய் திறக்குமுன்பே இயேசு அவன் வீட்டில் தங்குவதாகச் சொல்லிவிடுகிறார். இரக்கம் முந்துகிறது. அதன் பின்னரே அவன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வருகிறான். இரக்கத்திற்கு விலை கேட்கப்படவில்லை. ஆனால் இரக்கம் பெற்றவன் கணக்குத் தீர்க்கிறான். மேலும், அங்கு கணக்குத் தீர்ப்பவன் ஆட்சியின் வரிக்காரன் என்பது மறக்கத்தக்கதன்று.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்திலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட 16 பேரின் பெயர்கள் அவ்வூரின் நினைவில் நிலைத்துள்ளன. ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்து ஓராண்டு நிறைவுற அன்று பத்து நாள்களே இருந்தன.

இரு பாவங்கள், ஒரு வழக்கறிஞர்

இச்சட்டத்தை எதிர்த்தவர்களுள் முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி ஆகியோரின் பெயர்கள் பரவலாக நினைக்கப்படுகின்றன. அவர்களுக்கு முன்னரே களத்தில் இருந்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் (1887–1938). செங்கன்னூரில் சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்த இவர், ஹார்வி ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர். காந்தி சிறையிலிருந்த காலத்தில் ‘யங் இந்தியா’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர். பதிவுசெய்யப்பட்ட கள்ளர், மறவர் மக்களுக்காக இவர் நீதிமன்றத்திலும் வெளியிலும் வாதாடினார். மக்கள் இவரை ‘ரோசாப்பூ துரை’ என்றனர். ஜோசப் என்னும் விவிலியப் பெயர் மக்களின் நாவில் பூவாகியது. துரை என்னும் சொல்லும் ஆள்பவரிடமிருந்து எடுத்து ஆளப்படுவோரின் வழக்கறிஞருக்குச் சூட்டப்பட்டது.

இவர் கள்ளர்களை மனந்திருப்ப முயன்றவராக அறியப்படுவதில்லை. அவர்கள்மீது சுமத்தப்பட்ட பாவத்தை மறுத்தவராகவே அறியப்படுகிறார். கிறித்தவ நோக்கில் இவ்வேறுபாடு முதன்மையானது. குற்றமற்றவரை மன்னிப்பது இரக்கமன்று, அது இரண்டாம் குற்றச்சாட்டு. யோபுவின் நண்பர்கள் செய்த பிழை இதுவே. துன்புறுபவன் பாவியாகத்தான் இருக்க வேண்டுமென்று கருதி, அறிக்கையிடுமாறு அவனை அவர்கள் வற்புறுத்தினர். நூலின் முடிவில் கடவுள் கண்டித்தது அவர்களையே.

1924இல் வைக்கம் போராட்டத்தில் ஜார்ஜ் ஜோசப் முன்னின்றபோது காந்தி அவருக்கு எழுதிய கடிதம் இங்கு இன்றியமையாதது. தீண்டாமை இந்துக்களின் பாவம். அதற்கான துன்பத்தையும் தூய்மையையும் அவர்களே ஏற்க வேண்டும். எனவே இப்பணியை அவர்களிடமே விட்டுவிடுக என்பது அதன் சாரம். அதே ஏப்ரல் மாதத்தில் ஜோசப் கைதாகிச் சிறை சென்றார்.

காந்தியின் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. பாவம் செய்தவனே திரும்ப வேண்டும். அவனுக்காகப் பிறிதொருவன் திரும்ப இயலாது. கிறித்தவ அறிக்கைமரபும் இதை ஏற்கும். ஆனால், வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமை, பாவம் செய்தவரின் மனமாற்றத்திற்காகக் காத்திருக்க வேண்டியதா? தண்டிக்கப்பட்டவனின் விடுதலையையும் தண்டித்தவனின் மனந்திரும்புதலையும் ஒரே நிகழ்வாகக் கண்டதில்தான் அவ்வாதம் வழுக்குகிறது. நாத்தான், அரசனின் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன் என்பதற்காக வாய்மூடி இருந்திருந்தால் தாவீது திரும்பியிருக்க மாட்டான்.

இவ்வாதத்தை மறுபக்கமாகத் திருப்பினால் அது திருச்சபையைச் சுடும். திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயம், சாதிகள் தனித்தனியே நின்று ஒரே பீடத்தைக் காணும் வகையில் இரு கூடங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிரிவினைச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. பீடத்தில் இரக்கம் ஒன்றாகவும் தரையில் வரிசை இரண்டாகவும் இருந்த அந்த 38 ஆண்டுகள், இந்துக்களின் பாவமென்று ஒதுக்கத்தக்கவை அல்ல. வைக்கத்தில் ஒரு கிறித்தவன் நின்றது பிறர் பாவத்தைத் திருத்த என்பதைவிட, தனக்கும் அதில் பங்குண்டு என்பதால் என்று வாசிப்பதே பொருந்தும்.

வருத்தமும் மன்னிப்பும்

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. இந்திய அளவில் 1952 ஆகஸ்ட் 31 அன்று முடிவுற்றது. நீக்கம் என்பது சட்டச் சொல். அதில் அறிக்கை இல்லை. வழக்கமான குற்றவாளிகளுக்கான புதுச் சட்டங்கள் உடனே எழுந்தமை, நீக்கியவரின் மனம் முழுமையாகத் திரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது.

2019 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் தெரசா மே, ஜாலியன்வாலாபாக் குறித்து நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் அங்கு வந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி நினைவிடத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தாம் அரசின் சார்பில் பேச இயலாதென்றும் கிறித்துவின் பெயரால் வெட்கமும் வருத்தமும் தெரிவிப்பதாகவும் கூறினார். அச்செயல் நேர்மையானது, முல்லையாற்றங்கரைத் தீச்சட்டிக்காரரும் அந்த உடல்மொழியை உடனே புரிந்துகொள்வர். எனினும் அரியணையில் இருந்தவர் இறங்கவில்லை, அவருக்காக ஆயர் இறங்கினார் என்னும் இடைவெளி அதில் எஞ்சுகிறது. அந்த மன்னிப்பு பெருங்காமநல்லூரைப் பற்றியதுமன்று.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆங்கிலேய ஆட்சியின் நினைவு இருவகையாக வாழ்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படம் வீடுகளிலும் கடைகளிலும் தொங்குகிறது. அவர் பிறந்த சனவரி 15 அன்று பொங்கல் வைக்கப்படுகிறது. லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் எழுந்தது. அதே மண்ணில் ரேகையின் நினைவும் உண்டு. நன்றியைச் செலுத்துவதற்கு இம்மக்கள் எவருடைய மன்னிப்புக் கோரிக்கைக்கும் காத்திருக்கவில்லை. இதனை மன்னித்துவிட்டார்கள் என்று வாசிப்பது அவசரம். நன்றி வேறு, கணக்கு வேறு என்பதைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் உழவன் அறிவான்.

கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கவும் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கவும் 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தபோது இவ்வட்டாரத்தில் எதிர்ப்பு எழுந்தது. சாதிப் பெயர்கள் பள்ளி வாயிலிலிருந்து அகல வேண்டுமென்னும் குழுவின் நோக்கம் நியாயமானதே. ஆனால் சீரமைக்கிறோம் என்று அரசு எழுதிய பலகை, குற்றம் சுமத்தியது யார் என்பதற்கான எஞ்சிய சான்றுகளுள் ஒன்றாகவும் இருக்கிறது. அறிக்கை செய்ய வேண்டியவர் இன்னும் வாய் திறக்காத நிலையில் அப்பலகையைக் கழற்றும் கை யாருடையது என்பதே அவ்வாயிலில் நிற்பவர் கேட்கும் கேள்வி.