கொலைக்கும் கெடு உண்டு

துப்பறியும் கதைகளைப் பற்றி நம்மிடம் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை துப்பறிகிறவரைப் பற்றியவை. ஹோம்ஸின் புகைக்குழாய், சங்கர்லாலின் தேநீர், வசந்தின் குறும்புப் பேச்சு என்று பாத்திரத்தைச் சுற்றியே பேச்சு ஓடும். எழுதியவர் எத்தனை மணிக்கு எழுந்தார், நாளுக்கு எத்தனை பக்கம் எழுதினார், அதற்கு என்ன கிடைத்தது, பகலில் எங்கே வேலை பார்த்தார் என்ற கேள்விகள் கிசுகிசு மாதிரி ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. குற்றக் கதைகளில் நாம் பாணி என்றும் முத்திரை என்றும் கொண்டாடுகிற பலவற்றைக் கூலியும் கெடுவும்தான் தீர்மானித்திருக்கின்றன என்பது என் கட்சி. கற்பனை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

அமெரிக்காவில் 1920களிலும் 30களிலும் மட்டமான தாளில் அச்சான கதைப் பத்திரிகைகள் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று எண்ணிப் பணம் கொடுத்தன. எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் கலிஃபோர்னியாவில் வக்கீல். பகலில் கோர்ட், இரவில் தட்டச்சுப் பொறி. அவருடைய கதாநாயகர்கள் முதல் ஐந்து குண்டையும் கோட்டைவிட்டு ஆறாவதில்தான் எதிரியை வீழ்த்துவார்கள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னதாக ஒரு பதில் உலவுகிறது. ஒவ்வொரு ‘டுமீலு’க்கும் மூன்று சென்ட் வருகிறது, துப்பாக்கியில் இன்னும் பதினைந்து சென்ட் பாக்கி இருக்கும்போது சண்டையை முடிக்க எனக்கென்ன பைத்தியமா என்றாராம். சொன்னபடியே சொன்னாரோ, பின்னால் மெருகேற்றினார்களோ, அந்தக் காலத்து நீளமான துப்பாக்கிச் சண்டைகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

1933இல் வக்கீல் கதாநாயகன் பெர்ரி மேசன் வந்த பிறகு கார்ட்னர் கதையை வாயால் சொல்லச் சொல்ல, செயலாளர்கள் தட்டச்சு செய்தார்கள். ஆண்டுக்கு 12 லட்சம் சொல் என்று தனக்கே இலக்கு வைத்துக்கொண்டவர். தன்னைக் கதைத் தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. மேசன் நாவல்கள் 80ஐத் தாண்டின. அவற்றில் ஓர் அறை எப்படி இருந்தது, வெயில் எங்கே விழுந்தது என்றெல்லாம் தேடினால் அதிகம் கிடைக்காது. ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். வாயால் சொல்லி எழுதவைத்த எழுத்து, அதுவும் கோர்ட்டில் பேசிப் பழகிய வாய், வேறு எப்படி இருக்கும்?

அதே பத்திரிகைகளுக்குத்தான் ரேமண்ட் சாண்ட்லரும் எழுதினார். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர், குடியாலும் ஒழுங்காக வேலைக்கு வராததாலும் 1932இல் நீக்கப்பட்டபோது வயது 44. சோற்றுக்கு வழி தேடிக் கதை எழுத உட்கார்ந்தவர், முதல் கதைக்கு எடுத்துக்கொண்டது 5 மாதம். சுமார் 18,000 சொல். சொல்லுக்கு ஒரு சென்ட் வீதம் 1933இல் கைக்கு வந்தது 180 டாலர். மாதத்துக்கு 36 டாலர். கார்ட்னர் சிரித்திருப்பார்.

சாண்ட்லர் தாளைப் பாதியாக வெட்டித் தட்டச்சில் மாட்டுவார். துண்டுத் தாளில் சில வரிகள்தான் கொள்ளும். அந்தச் சில வரிக்குள் ரசிக்கும்படி ஏதாவது இருந்தாக வேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட நிபந்தனை. தினமும் நாலு மணி நேரம் எழுத்துக்கென்று ஒதுக்க வேண்டும், எழுத வராவிட்டால் எழுத வேண்டாம், ஆனால் புத்தகம் படிப்பது, கடிதம் எழுதுவது என்று வேறு எதுவும் செய்யக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். வரிக்கு வரி மின்னுகிற அவருடைய நடை அந்தத் துண்டுத் தாளில் பிறந்தது. பலவீனமும் அங்கேதான். மொத்தக் கதையையும் ஒரே மூச்சில் பார்க்கும் வேலைமுறை இல்லை அது. முன்பு பத்திரிகையில் வந்த கதைகளை வெட்டி ஒட்டித்தான் 1939இல் முதல் நாவலான ‘தி பிக் ஸ்லீப்’பைச் செய்தார். அதைப் படமாக்கியவர்கள், டிரைவரைக் கொன்றது யார் என்று தந்தி கொடுத்துக் கேட்டபோது, தனக்கே தெரியாது என்று சாண்ட்லர் கைவிரித்தது பிரபலமான சங்கதி. இலக்கியவாதிகள் இதைக் கலைஞனின் அலட்சியம் என்று ரசிக்கிறார்கள். எனக்கு என்னவோ ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது என்றுதான் படுகிறது.

இந்த இருவரையும் ஓரம் கட்டிவிடுகிறவர் ஜார்ஜ் சிமெனோன். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1903இல் பிறந்து, பதின்வயதிலேயே உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகி, 1922 கடைசியில் பாரிஸ் வந்து சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் காதல், சாகசம், கிளுகிளுப்பு என்று கேட்ட சரக்கையெல்லாம் கேட்ட நீளத்தில் பல புனைபெயர்களில் எழுதித் தள்ளினார். அப்படி வந்த மலிவு நாவல்கள் 200ஐ ஒட்டும். கதைகளைக் கொண்டுபோய்க் கொடுத்த பத்திரிகையின் இலக்கியப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுத்தாளர் கொலெத். இலக்கிய வாடை அதிகம், எடுத்துவிடு என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். சிமெனோன் எடுத்துவிட்டார். பெயரடைகள், அழகுக்காக மட்டும் இருக்கும் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் அன்று தொடங்கிய கத்தரி கடைசிவரை ஓயவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மக்கள் பார்க்கப் பார்க்க ஒரு நாவலை எழுதி முடிப்பது என்று 1927இல் ஒரு திட்டம் போட்டார்கள். அது நடக்கவேயில்லை. ஆனால் நேரில் போய்ப் பார்த்தேன் என்று எழுதிவைத்தவர்கள் பின்னாளில் இருந்தார்கள். அவருடைய வேகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

வேகம் மட்டும் என்றால் ஆள் மறந்துபோயிருப்பார். இன்ஸ்பெக்டர் மெக்ரே வந்த பிறகு அவர் கடைப்பிடித்த வேலைமுறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நாவல் தொடங்குமுன் 11 நாளுக்கு யாரையும் சந்திக்காதபடி நாள்காட்டியைக் காலி செய்துகொள்வார். டாக்டரை வரவழைத்து ரத்த அழுத்தம் முதற்கொண்டு பரிசோதித்துக்கொள்வார். பிறகு ஒரு மஞ்சள் உறை. அதன் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, குடும்பம், முகவரி என்று குறித்துவைப்பார். பெயர்கள் டெலிஃபோன் டைரக்டரியிலிருந்து பொறுக்கியவை. கதைச்சுருக்கம் என்று ஒன்று அந்த உறையில் இருக்காது. இந்த மனிதனை அவனுடைய எல்லைக்கே தள்ள என்ன நடக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் மனதில். மறுநாள் காலை முதல் அத்தியாயம். அதன் பிறகு நாளுக்கு ஓர் அத்தியாயம், ஒருநாள்கூட விடக் கூடாது. நடுவில் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டால் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடுவார், திரும்பத் தொடமாட்டார். ஐந்தாறு நாளுக்குமேல் அந்த இறுக்கத்தைத் தாங்க முடியாததால்தான் தன் நாவல்கள் சின்னவை என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மெக்ரே நாவலை எடுத்துப் பாருங்கள்: பத்தை ஒட்டிய அத்தியாயங்கள், ஒரே உட்காரலில் படித்துவிடலாம், வாசனையும் மழையும் உண்டு, வர்ணனை இல்லை. ஓர் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் நீளம்.

இப்படி 75 மெக்ரே நாவல்கள், அவை போக நூற்றுக்குமேல் கனமான நாவல்கள். 1972இல், 69 வயதில் நிறுத்திக்கொண்டார்.

ஆகதா கிறிஸ்டிக்கு இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. எழுதுவதற்கென்று தனி அறைகூட ரொம்ப நாள் இல்லை. படுக்கையறையில் முகம் கழுவ வைத்திருந்த பளிங்குப் பலகை, சாப்பாட்டு வேளைக்கு நடுவே காலியாகும் உணவு மேசை, ஆடாமல் நிற்கும் எதுவானாலும் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொள்வார். பத்திரிகைக்காரர்கள் மேசையோடு படம் எடுக்க வந்து திண்டாடினார்கள். அவர் விட்டுப்போன குறிப்பேடுகள் 73. பள்ளிக்கூட நோட்டு ரகம். ஒரு பக்கத்தில் யார் விஷம் வைக்கலாம் என்ற யோசனை, அடுத்ததில் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான். கணக்குப்பிள்ளை ஒழுங்கோடு சதி பின்னினார் என்று நாம் நினைத்திருந்தவர், நாலைந்து பேரில் யாரைக் கொலையாளி ஆக்கலாம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

விஷம் அவருக்கு வேலையில் கிடைத்தது. முதல் உலகப் போர் சமயம் டார்க்கி நகர மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் இருந்தார், அதற்கான தேர்வும் எழுதித் தேறினார். 1920இல் வந்த முதல் நாவலில் விஷம் வேலை செய்யும் விதம் சுத்தமாக மருந்துக் கலவைச் சங்கதி. அதை இங்கே சொன்னால் படிக்காதவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அந்த நாவலில் அவர் கண்ட காசு 25 பவுண்டு. இன்னும் ஐந்து புத்தகம் இதே பதிப்பாளருக்குத்தான் என்ற கட்டும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது தன் துப்பறிவாளர்களான பொய்ரோவுக்கும் மார்ப்பிளுக்கும் கடைசி நாவல்களை எழுதிப் பூட்டி வைத்தார். ஒன்று மகளுக்கு, ஒன்று கணவருக்கு. அவை வெளிவந்தது 1975இலும் 76இலும். கொலைக் கதை எழுதுகிறவர் தன் சாவுக்குப் பிறகு வீட்டுக்கு வருமானம் வர ஏற்பாடு செய்துவைத்தார், அவ்வளவுதான்.

பகல் உத்தியோகம் கதைக்குச் சரக்கு தருவது பி.டி. ஜேம்ஸிடம் இன்னும் பட்டவர்த்தனம். கணவர் போரிலிருந்து மனநலம் குலைந்து திரும்பினார். இரண்டு பெண் குழந்தைகள். சம்பாதிக்க இவர் ஒருவர். லண்டனில் மருத்துவமனை நிர்வாக அலுவலகத்தில் வேலை. விடியற்காலையில் எழுந்து, அலுவலகம் கிளம்புமுன் எழுதுவார். முதல் நாவல் 1962இல் வரும்போது வயது 42. அடுத்ததன் களம் ஒரு மனநல மருத்துவமனை. பிறகு செவிலியர் பயிற்சிப் பள்ளி. 1968இல் உள்துறை அமைச்சகத்துக்கு மாறித் தடய அறிவியல் தொடர்பான பிரிவில் உட்கார்ந்தார். 1977இல் வந்த நாவலில் கொலை நடப்பது தடய அறிவியல் கூடத்தில். அவருடைய கதைகளில் பிணத்தைவிட அலுவலகப் பகைகள்தான் பயமுறுத்தும். பதவி உயர்வு மறுக்கப்பட்டவர், ரகசியக் கோப்பைப் பார்த்துவிட்ட குமாஸ்தா, எல்லாரையும் அறிந்த நிர்வாகி. உத்தியோகம் பார்க்காதவரால் எழுத முடியாத குற்றங்கள் இவை.

ஜப்பானின் மாட்சுமோட்டோ செய்ச்சோவும் இந்த இனம். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றவர். பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரம் வரைந்தவர். போருக்குப் பின் குடும்பத்தைக் காப்பாற்ற ஊர் ஊராய் ரயிலேறி விளக்குமாறு வியாபாரமும் பார்த்தவர். எழுத வந்ததே 40 வயதுக்குமேல். 1957இல் ஒரு சுற்றுலாப் பத்திரிகையில் தொடங்கிய ‘புள்ளிகளும் கோடுகளும்’ தொடரில் ரயில்வே கால அட்டவணைதான் துப்பு. டோக்கியோ நிலையத்தில் 13ஆம் நடைமேடையில் நிற்பவருக்கு 15ஆம் நடைமேடை தடையில்லாமல் தெரிவது மாலையில் 4 நிமிடம் மட்டும். மற்ற நேரமெல்லாம் நடுவே வண்டி நிற்கும். அந்த 4 நிமிடத்தின் மேல் ஒரு நாவலையே கட்டியிருக்கிறார். ஊர் சுற்றுகிறவர்கள் வாங்கும் பத்திரிகை என்பதால் வாசகரும் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்திருப்பார்.

தமிழுக்கு வருகிறேன். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ காலத்திலிருந்து நீண்ட கதை இது. முன்பாதியை வேறொரு கட்டுரைக்கு விட்டுவிடலாம். பத்திரிகைக் காலத்தில் எழுத்தாளரே அலுவலகத்துக்குள் இருந்தார். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன்தான் சங்கர்லாலை எழுதியவரும். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் திகில் கதைக்குக் கிருஷ்ணகுமார், குறும்புக் கதைக்கு மாலதி என்று சரக்குக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். சிமெனோனின் பாரிஸ் வாழ்க்கையை ஞாபகப்படுத்துகிற ஏற்பாடு. அங்கே ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்ததால்தான் இன்னொரு ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியர் உத்தியோகம், அதற்கு வெளியே வாரத் தொடர். வாரம் இரண்டு மூன்று பக்கத்தில் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டிய கட்டாயத்தையும், மணிக்கணக்காக உட்கார நேரமில்லாத உத்தியோகஸ்தரின் அவசரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய வாக்கியம் ஏன் அப்படிக் கத்தரித்த மாதிரி நிற்கிறது என்று பாதி புரியும்.

1980களில் மாத நாவல் பெருகியதும் கெடு இன்னும் இறுகியது. பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், மாலைமதி என்று பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கின. கோவை ராஜேஷ்குமார் எழுதியவை 1500ஐத் தாண்டும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா ஒரு பக்கம். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்து சுபா என்ற பெயரில் எழுதிய நரேந்திரன்–வைஜயந்தி இன்னொரு பக்கம். பழைய க்ரைம் நாவல் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அத்தியாயத் தலையில் ஒரு துணுக்கோ ஜோக்கோ இருக்கும். கீழே சென்னையில் ஒரு கொலை. அடுத்த அத்தியாயத்தில் சம்பந்தமேயில்லாமல் வேறு ஊரில் ஒரு கல்யாணப் பேச்சு. இரண்டு தண்டவாளமும் கடைசிப் பக்கங்களில்தான் சேரும். விமரிசகர்கள் இதை உத்தி என்று எழுதுவார்கள், அல்லது எழுதவே மாட்டார்கள். எனக்கு இது மாதக் கெடுவுக்கு வேலை செய்கிறவரின் சாமர்த்தியம். ஒரு தடம் மாட்டிக்கொண்டால் மறு தடத்துக்குத் தாவலாம். ஒவ்வொரு தாவலும் வாசகரைத் தொங்கவிடும். பஸ்ஸில் படிக்கிறவர் எந்த நிறுத்தத்தில் மூடினாலும் மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.

பாரிஸில் 1931இல் மெக்ரே நாவல்கள் வந்ததும் கிட்டத்தட்ட மாதம் ஒன்று என்ற கணக்கில், மலிவு விலையில்தான். ஆகவே வேகமாக எழுதியதால் குப்பை என்ற வாதம் எடுபடாது. வித்தியாசம் வேறு இடத்தில். சிமெனோன் பேரம் பேசுவதில் கில்லாடி. பெயர் வந்ததும் நல்ல பதிப்பகத்துக்கு மாறி, ஒப்பந்தத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுதி முடித்தபின் சில நாள் உட்கார்ந்து வெட்டுவதற்கான அவகாசத்தைச் சம்பாதித்துக்கொண்டார். நம் ஊர் மாத நாவல்களில் பலவற்றுக்குக் குறை அந்த வெட்டும் நாட்கள்தான். முதல் நாற்பது பக்கம் பறக்கும், கடைசிப் பத்துப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் வாயால் விளக்கி முடிப்பார். பிறகு தொலைக்காட்சித் தொடர் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன், தேவிபாலா போன்றவர்கள் அங்கே போனார்கள். சுபா கே.வி. ஆனந்தோடு ‘அயன்’, ‘கோ’ என்று சினிமாவுக்குப் போனார்கள். ஆள் மாறவில்லை, கெடு வைக்கிறவர்தான் மாறினார்.

கிறிஸ்டியின் நோட்டுகளும் சிமெனோனின் உறைகளும் பத்திரமாக இருப்பதால்தான் அவர்களைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறது. நம் எழுத்தாளர்களில் பலர் நம்மோடு இருக்கிறார்கள். கையெழுத்துப் படி, பதிப்பாளர் கடிதம், பணம் வந்த ரசீது, அட்டைப்பட ஓவியம், வாசகர் கடிதக் கட்டு எது வீட்டுப் பரணில் இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். எழுத்தாளர் குடும்பமோ, பதிப்பகத்தில் வேலை பார்த்தவரோ, யாராக இருந்தாலும் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆய்வு மாணவர்கள் ஒரு டேப்ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கோவைக்கு ரயில் ஏறலாம்.