நீருக்கடியில் ஒரு செவி

'கேட்டல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் செவியுறுதல் என்றும் பொருள். வினவுதல் என்றும் பொருள். அரபி மொழியோ செவியுறுதல் என்ற ஒரே செயலுக்குள் படிகளை வகுத்து வைத்திருக்கிறது. ஒலி தானே வந்து காதில் விழுந்தால் அது 'ஸமாஉ'. மனத்தைச் செலுத்தி நாடிக் கேட்டால் 'இஸ்திமாஉ'. அங்ஙனம் கேட்பதற்காகத் தன் பேச்சை அடக்கிக்கொள்வது 'இன்ஸாத்'. மத்ரஸாவில் இலக்கணம் நடத்தும்போது இவ்வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போயிற்று. நார்வே நாட்டுக் கலைஞர் யானா வின்டெரென் தம் படைப்பொன்றுக்குக் 'கேட்கும் கலை: நீருக்கடியில்' என்று பெயரிட்டிருப்பதை அறிந்தபோது அந்தப் பாடந்தான் நினைவுக்கு வந்தது.

1965இல் பிறந்த இவ்வம்மையார் கணிதமும் வேதியியலும் மீன்களின் சூழலியலும் கற்று, பின்னர் லண்டனில் நுண்கலை பயின்றவர். இவர் கையாளும் கருவி ஹைட்ரோஃபோன். அதாவது நீண்ட கம்பியில் கட்டி நீருக்குள் இறக்கிவிடும் ஒலிவாங்கி. இவருடைய 'எனர்ஜி ஃபீல்ட்' என்னும் இசைத்தட்டு 2010இல் வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்திரியாவில் 'தங்க நிக்கா' விருது பெற்றது. இதனை இசை என்று சொல்லலாமா என்று வினவுவார் உண்டு. நரம்புக் கருவி இல்லை, துளைக் கருவி இல்லை என்பது மெய்யே. ஆயின், காட் மீன் தன் வயிற்றினுள் உள்ள காற்றுப்பையைத் தசையால் அதிர்வித்து முழங்குகிறது. தோற்கருவி இல்லை என்று எப்படிச் சொல்வது?

கடல் மௌனமானது என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் வேரூன்றி இருந்தது. பிரெஞ்சுக்காரரான கூஸ்தோவின் புகழ்பெற்ற 1956ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயரே 'மௌன உலகம்' என்பதாகும். அதற்கும் நெடுநாள் முன்பு, 1490ஆம் ஆண்டளவில், நீண்ட குழாயின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைக் காதிலும் வைத்தால் தொலைவிலுள்ள கப்பல்களின் ஓசை கேட்கும் என்று லியனார்டோ டா வின்சி குறித்து வைத்தார். அங்கும் அவர் நாடியது மனிதனின் ஓசையையே. மீனின் குரலை அன்று.

நீரில் ஒளி விரைவில் மங்கிவிடும். ஒலியோ வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் பாயும். காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆதலின் துணையை அழைப்பதும், இரை தேடுவதும், பகையை அறிவதும் நீர்வாழ் உயிர்கள் பலவற்றுக்கு ஒலியாலேயே நிகழ்கின்றன. கப்பலின் சுழல்விசிறி நீரில் குமிழிகளைத் தோற்றுவிக்கிறது. அவை உடையும்போது எழும் இரைச்சலும் இயந்திரத்தின் உறுமலும் தாழ்ந்த சுருதியில் நெடுந்தூரம் பரவுகின்றன. பெருந்திமிங்கிலங்கள் பேசுவதும் அதே தாழ்ந்த சுருதியில்தான். சந்தை இரைச்சலில் பிள்ளையைக் கூப்பிடும் தாயின் நிலை அவற்றுக்கு.

வின்டெரெனின் படைப்புகளுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது 2018இல் இசைத்தட்டாக வந்த, 'பனிவிளிம்பின் வசந்த மலர்ச்சி' என்று தமிழில் சொல்லத்தக்க ஒன்று. பேரண்ட்ஸ் கடலில் உறைபனியும் திறந்த நீரும் சந்திக்கும் எல்லை அது. இளவேனிலில் அங்கே கண்ணுக்குப் புலப்படாத மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றை நம்பியே மற்றனைத்தும். பனி நெகிழும் ஓசையும், தாடிச் சீலின் நீண்டு இறங்கும் குரலும், மீன்களின் முனகலும் எவ்வித அவசரமுமின்றி வருகின்றன. இது இஸ்திமாஉ. கலைஞர் தம்மை முன்னிறுத்தவில்லை. நம் காதை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

'கேட்கும் கலை' வேறு வகை. டோனி மையட் என்பாரின் துணையுடன், 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில், ஓவியச் சந்தை நடந்த நாள்களில் இது வட்ட மண்டபமொன்றில் ஒலித்தது. கைக்கடிகார நிறுவனம் ஒன்று செய்வித்தது. வடதுருவத்தை நோக்கிய கடலின் ஒலிகளோடு வெப்பக் கடலின் ஒலிகளும், அவ்வூர்த் துறைமுகத்தின் ஒலிகளும் இதில் சேர்ந்திருக்கின்றன. மனிதன் எழுப்பும் ஓசை கடலில் ஓயாது நிலவுவதை உணர்த்துவதே இதன் நோக்கம்.

நான் கேட்டது இசைத்தட்டில் பதிந்த வடிவத்தை. மாணவர் ஒருவர் ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டார். முன்குறிப்பு எதையும் படிக்கவில்லை. தாழ்ந்த அதிர்வொன்று வந்து சூழ்ந்தபோது, ஆழ்கடலின் மூச்சு இதுதான் போலும் என்று கண்மூடி இன்புற்றேன். அது இயந்திரத்தின் ஓசை என்று பின்னரே அறிந்தேன். எந்த ஒலி திமிங்கிலத்தின் செவியை அடைக்கிறதோ அதையே நான் சுவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இது என் அறியாமை மட்டுந்தானா, படைப்பின் குறையா என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். இரண்டும் என்பதே என் துணிபு. நல்ல ஒலிபெருக்கி எந்த இரைச்சலையும் மெருகேற்றிவிடுகிறது. மண்டபத்தில் அமர்ந்திருப்பவன் விரும்பியபோது எழுந்து போகலாம்; கடலில் உள்ள உயிருக்கு எழுந்து போக வாசல் இல்லை. இவ்வேறுபாட்டை ஒலி மட்டும் சொல்லிவிடாது. எங்கள் பாடமுறையில் 'மத்ன்' என்னும் மூலத்தை 'ஷரஹ்' என்னும் உரையின்றி நடத்துவதில்லை. பிரசாரம் கலையைக் கெடுக்கும் என்று அம்மையார் அஞ்சியிருக்கலாம். அந்த அச்சம் நியாயமானதே. எனினும் 'பனிவிளிம்பு' உரையின்றியே நிற்கிறது; 'கேட்கும் கலை'க்கு உரை வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படியாகிய இன்ஸாத்தை எந்த இசைத்தட்டும் தரவில்லை. ஒருமுறை அது தானே நேர்ந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்துக் குறைந்தது. நீரினுள் இரைச்சல் 6 டெசிபெல் தணிந்தது. அங்கு வாழும் ரைட் திமிங்கிலங்களின் சாணத்தை ஆராய்ந்துவந்த அறிஞர்கள், மனவழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் அந்நாள்களில் குறைந்திருந்ததைக் கண்டு 2012இல் வெளியிட்டார்கள். மனிதர் பெருந்துயரில் மூழ்கியிருந்த நாள்கள் அவை. அக்கடலில் அப்போது ஹைட்ரோஃபோனை இறக்கிக் கேட்டிருந்தால் ஒலித்திருக்கக்கூடிய இசைத்தட்டையே நான் வின்டெரென் அம்மையாரிடம் எதிர்பார்க்கிறேன்.