கரையழகு

கும்பகோணத்து மகாமகக் குளத்தை முதன்முறையாகக் காண்பவர், அதைச் சூழ்ந்து நிற்கும் 16 மண்டபங்களையும் நீரை நோக்கி வரிசை வரிசையாக இறங்கும் கற்படிகளையும் கண்டு பிரமிப்பது இயல்பே. ஆயினும் அப்படிகள் மனிதக் காலுக்கென்று அளவெடுத்தவை என்பதும், மற்ற ஜீவன்களுக்கெல்லாம் ஊர்ப்புறத்து மண்கரைக் குட்டையே படித்துறையாக விளங்கி வந்தது என்பதும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. தவளைக்கும் தட்டானுக்கும் குருவிக்குமாக வீட்டுத் தோட்டத்தில் சிறு நீர்நிலை ஒன்றை அமைக்க முற்படுபவன் பாடம் கேட்க வேண்டியது அந்தக் குட்டையிடந்தான்.

நான் இதைத் தாமதமாகவே கற்றேன். முதலில் கொத்தனாரை வைத்து, நான்கு புறமும் செங்குத்தாகச் செங்கல் எழுப்பி, வழவழவென்று சிமெண்டு பூசித் தொட்டி ஒன்று கட்டி, அதில் அல்லிக் கிழங்கையும் ஊன்றிவிட்டு, சௌந்தரியம் குடிபுகுந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், தண்ணீர் குடிக்க இறங்கிய அணிற்பிள்ளை ஏறிவரப் பிடிப்பில்லாமல் மூழ்கிக் கிடந்ததைக் கண்ட அன்றுதான், என் வேலைப்பாட்டின் குறை முழுவதும் கரையில் இருப்பது புலனாயிற்று.

தொட்டியை இடித்துவிட்டு அதே இடத்தில் வெட்டிய குட்டை 12 அடி நீளம், 8 அடி அகலம், நடுவில் 2 அடி ஆழம். கோடையிலும் நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும்படி மேலைக் கரையைச் சரேலென இறக்கி, கீழைக் கரைக்கு ஓரடி இறங்க மூன்றடி நடக்கும்படி வாட்டம் கொடுத்தேன். களிமண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து, குயவர் மண் மிதிப்பதுபோல் குதிகாலால் மிதித்துப் பிணைத்த பிறகே தண்ணீர் தங்கும். இடையில் வெயிலில் காயவிட்டால் வெடித்துவிடுமாதலால், நனைத்த சாக்கால் மூடிவைப்பது அவசியம். பழைய குளத்துச் சேறு ஒரு கூடை எடுத்துத் தூவினால், அதில் உறங்கும் விதைகளும் நுண்ணுயிர்களும் மிச்ச வேலையில் பாதியைச் செய்துவிடுகின்றன.

ஆழத்தில் ஆம்பல், ஈரக்கரையில் வல்லாரை, முழங்கால் அளவு நீரில் கோரை என்பது என் ஏற்பாடு. கோரையின் மகிமையை அறிய விரும்புவோர் விடியுமுன் கைவிளக்கோடு வந்து குந்த வேண்டும். பல வாரங்கள் சேற்று நிறத்தில் பதுங்கி, மடித்துவைத்த கீழுதட்டை ஈட்டிபோல் நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வித் தின்றிருந்த அவலட்சணமான பூச்சி ஒன்று, தண்டில் ஒரு சாண் ஏறி நகங்களை ஊன்றி அசைவற்று நிற்கிறது, முதுகு பிளக்கிறது, தலையும் மார்பும் வெளிப்பட்டுப் பின்புறமாகத் தொங்குகின்றன, கால்கள் உரம்பெற்றதும் சட்டென நிமிர்ந்து, தன் பழைய தோலையே பற்றிக்கொண்டு வாலை உருவிக்கொள்கிறது. கசங்கிய பட்டுப்போலிருந்த சிறகுகள் விரிந்து கண்ணாடியாகின்றன. ஐப்பசி வானில் கூட்டங்கூட்டமாகத் திரியும் மஞ்சள் தட்டான்கள் மாலத்தீவைத் தொட்டு, கடல் கடந்து ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்வதாக ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அந்த மகா யாத்திரைக்கும் புறப்படுமிடம் இப்படியொரு தண்டுதான்.

கொசு பெருகுமே என்று அண்டைவீட்டார் அஞ்சியது நியாயமே. முட்டையிலிருந்து கொசு பறக்க எட்டுப் பத்து நாள் போதும். ஆனால் அது கவலையின்றி வளர்வது தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும், தின்பார் இல்லாத நீரில். தட்டான் குஞ்சுகள் குடியேறிய குட்டையில் அதற்கு ஆயுசு குறைவு. மீனைச் சேர்த்தால் தலைப்பிரட்டைகளையும் அது விழுங்கிவிடுமென்பதால் நான் சேர்க்கவில்லை. நல்ல மழைக்குப் பின் தேரைகள் கருமணி கோத்த சரடுபோல் முட்டையிட்டன. சில வாரங்களில் பட்டாணி அளவுக் குஞ்சுத் தேரைகள் கீழைக் கரையின் வாட்டத்தில் தத்தித் தத்தி ஏறிப் புல்லுக்குள் மறைந்தன. பழைய சிமெண்டுச் சுவராயிருந்தால் அவற்றில் ஒன்றும் தேறியிராது.

ஆகவே, ஒரு குட்டையின் இலட்சணத்தை மதிப்பிட விரும்பும் ரசிகர்கள் அல்லியைப் பார்த்தது போதுமென்று, சற்றே குனிந்து கரையைப் பார்க்க வேண்டும். வெட்ட நினைப்பவர்கள் புரட்டாசியில் மண்வெட்டியை எடுங்கள். நிரப்புகிற வேலையை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.