மெழுகில் நிற்கும் புகழ்

இலண்டனில் வழிகாட்டி எவருமின்றி, கையில் ஒரு வரைபடத்துடன் சுற்றப் புறப்படுவோர் பெரும்பாலும் தவறவிடாத இடம் மேடம் துஸ்ஸாட் மெழுகுச் சிலைக் காட்சியகம். பேக்கர் தெரு நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் போதும். 1884 முதல் மேரிலபோன் சாலையில் அது இருந்து வருகிறது.

உருவ ஒற்றுமையில் குறை சொல்வதற்கில்லை. ஆறும்போது மெழுகு சுருங்கும் என்பதால் சற்றே பெரிதாக வடிக்கிறார்கள். தலைமயிரை இழை இழையாகப் பதிக்கிறார்கள். ஆயினும் நடிகர், விளையாட்டு வீரர், அரச குடும்பத்தார் என நிற்கும் அவ்வரிசை வியப்பைத் தருகிறதேயன்றி, அம்மனிதரை நமக்கு அறிமுகம் செய்வதில்லை. வருவோரும் அதைக் கேட்பதில்லை. தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொண்டு அடுத்த சிலைக்கு விரைகிறார்கள். (நாமும் ஒன்று எடுத்துக்கொண்டோம், மறைப்பானேன்?) புகழ் மங்கியவரின் சிலையோ அகற்றப்படுகிறது.

இக்கலையின் தொடக்கம் இவ்வாறு இருக்கவில்லை. 1761இல் ஸ்திராஸ்பூர்க்கில் பிறந்த மேரி, மருத்துவர் கர்ட்டியஸிடம் இத்தொழிலைக் கற்றவர். பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினுக்கு இரையானோரின் தலைகளிலிருந்து முக அச்சு எடுக்க வற்புறுத்தப்பட்டதாகவும், அவருள் தாம் பழகியவர்களும் இருந்ததாகவும் தம் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். அவர் கூற்று அனைத்தையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. அது எவ்வாறாயினும், அச்சமும் துயரமும் படிந்த முகங்கள் அவை. புன்னகைக்கவே பழக்கப்பட்ட இன்றைய சிலைகளில் நாம் தேடிக் காணாதது அதுவே.

1802இல் இங்கிலாந்து வந்து, ஊர் ஊராகக் காட்சி நடத்தி, 1835இல் பேக்கர் தெருவில் நிலைகொண்ட அம்மூதாட்டி, 1842இல் தம்மையே மெழுகில் வடித்தார். கறுப்பு உடை, மூக்குக் கண்ணாடி, முதுமையின் சுருக்கம். அழகு எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை.